பாட வந்த பிள்ளை பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்

(சங்கத்தின் நூற்றாண்டையொட்டிக் குண்டசாலையில் நடைபெற்ற ஒன்றுகூடலில், பழைய மாணவியர் இசைக்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இசைக்குழுவினர் மேடைக்கு வந்தால் இரண்டு பாட்டுப் பாடிவிட்டு இறங்குவார்கள் என்றுதான் நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். பாட்டு மாலையில் இருக்கிறது. அதற்கு முன் இருபது நிமிடம் பேச அனுமதி தாருங்கள் என்று நாங்களே தலைவியிடம் கேட்டு வாங்கினோம். நூற்றாண்டு மலரில் பெருமைகள் நிறைய வரும், வரத்தான் வேண்டும். நாங்கள் விட்ட ஒரு பிழையும் அதில் பதிவாக வேண்டும் என்று குழுவில் எல்லோரும் கூடி முடிவு செய்தோம்.

எங்கள் குழுவைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். குண்டசாலை, நரேந்திரசிங்க மன்னர் அரண்மனை அமைத்து வாழ்ந்த ஊர். மதுரையிலிருந்து நாயக்கர் குலப் பெண்ணை மணமுடித்து வந்தவர் அவர். இன்று விவசாயக் கல்லூரியும் மகாவலியும் திகனைக்குப் போகும் பஸ்களுந்தான் ஊருக்கு அடையாளம். எங்கள் உறுப்பினர் ஒருவரின் வீட்டு மேல்மாடி மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் மூன்று மணிக்குக் கூடுகிறோம். இரண்டு ஹார்மோனியம், ஒரு சுருதிப்பெட்டி, ஒரு மிருதங்கம். நாங்கள் யாரும் தொழில்முறைப் பாடகிகள் அல்ல. பாங்கில் வேலை செய்பவர், ஓய்வுபெற்ற டீச்சர், தாதி, கடை நடத்துபவர் என்று பலரும் இருக்கிறோம். வாணி விழா, திருவெம்பாவைக் காலம், தியாகராஜ ஆராதனை, கோயில் திருவிழா என்று அழைத்த இடத்தில் பாடுகிறோம்.

தொடக்கத்தில் பன்னிரண்டு பழைய மாணவிகள் மட்டுமே இருந்தோம். பிறகு எங்கள் பிள்ளைகள் வந்தார்கள். இப்போது கல்லூரியில் படிக்கும் மாணவிகள் வந்தார்கள். தெல்தெனிய, ராஜவெல்லப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் வந்தார்கள். எழுபது தாண்டிய அக்காமாரும் வந்தார்கள். ஒன்பது வயதுக்கும் எழுபத்தெட்டு வயதுக்கும் ஒரே பாயில் இடம். அதில் எங்களுக்கு மிகுந்த பெருமை. அந்தப் பெருமையில்தான் ஒன்றைக் கவனிக்காமல் விட்டோம். பன்னிரண்டு தோழிகள் கூடிப் பாடும்போது பொறுப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிறர் பிள்ளை ஒன்று படியேறி வந்துவிட்டால் பொறுப்பு வந்துவிடுகிறது. நாங்கள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டோம், பொறுப்பைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறோம். சம்பந்தப்பட்ட பிள்ளை இன்று வளர்ந்த பெண். அவள் அனுமதி தந்த அளவுக்கே சொல்கிறோம். பெயர், ஊர், ஆண்டு எதுவும் சொல்ல மாட்டோம். யாரும் ஊகிக்க முயல வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.

அவளுக்கு அப்போது பதினான்கு வயது. நல்ல சாரீரம். எங்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க வெளியிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். காசு வாங்க மாட்டார், நேரம் தவற மாட்டார், எல்லோரிடமும் பணிவாகப் பேசுவார். 'சேர், சேர்' என்று அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினோம். ஒத்திகை முடிய ஆறரை, ஏழு ஆகிவிடும். அந்த நேரத்துக்குப் பிறகு பஸ் குறைவு. அவரிடம் வான் இருந்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போகிறேன் என்றார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று மகிழ்ந்தோம். கடைசியாக இறங்குபவள் அந்தப் பிள்ளை. அது தற்செயலாக அமைந்ததல்ல என்பது பின்னரே புரிந்தது.

ஒரு சனிக்கிழமை, படியிறங்கும் இடத்தில் அவள் எங்களில் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்ட்டி, நான் இன்னைக்கு வான்ல போகல்ல, அம்மாவ வரச் சொல்லுங்க" என்றிருக்கிறாள். மழை நேரம். எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். "ஏன் பிள்ள, சேர்தானே, பத்திரமா கொண்டுபோய் விடுவாரு" என்று சொல்லி நாங்களே அவளை வானில் ஏற்றிவிட்டோம்.

சில வாரங்களில் அவள் வருவதை நிறுத்தினாள். தாயிடம் கேட்டோம், வகுப்புகள் இருக்கிறது என்றார். சரி, படிக்கிற பிள்ளை என்று விட்டுவிட்டோம். இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவளுடைய அக்கா எங்களிடம் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னார். இரவு நேரத்தில் தொலைபேசிச் செய்திகள், யாருக்கும் சொல்லாதே என்று கொடுத்த பரிசுகள், உன்னைத் தனியாக மேடையேற்றுகிறேன் என்ற ஆசை வார்த்தைகள், அதற்குப் பிறகு வானில் நடந்தவை.

உண்மையில் அந்தப் பிள்ளை எங்களிடம் சொல்லியிருந்தாள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதைவிடத் தெளிவாகச் சொல்ல வராது. கேட்கத் தெரியாமல் இருந்தது நாங்கள்தான். சுருதி ஒரு நூலிழை விலகினாலும் பிடித்துவிடுவோம் என்று பெருமை பேசிய காதுகள் இவை.

அதன் பிறகு செய்தது இன்னும் பெரிய பிழை. பிள்ளையின் பெயர் கெட்டுவிடும், குழுவின் பெயர் கெட்டுவிடும், கல்லூரியின் பெயர் கெட்டுவிடும் என்று மூன்று பெயர்களைச் சொல்லி, சத்தமில்லாமல் அந்த மனிதரை விலகிக்கொள்ளச் சொன்னோம். அவரும் விலகினார். விடைபெறும்போது பொன்னாடை போர்த்தினோம். ஆம், போர்த்தினோம். ஒரு வருடம் கழித்து, அவர் வேறோர் ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டோம். அன்று இரவு எங்களில் யாரும் தூங்கவில்லை. அவரை அங்கே அனுப்பியது நாங்கள் அல்லவா? நாங்கள் போர்த்திய பொன்னாடையே அவருக்குச் சான்றிதழாகியிருந்தது. மறுநாள் காலையில்தான் முதன்முறையாக 1929க்கு அழைத்தோம். அதற்குப் பிறகு நடந்தவை அந்தப் பெண்ணுக்கும் சட்டத்துக்கும் உரியவை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த விஷயமல்ல என்று சொல்வது பழியைக் குறைக்க அல்ல. மற்ற இடங்களில் என்ன நடந்தது என்று தேடிப் படித்தபோது, எங்கள் பிழையின் வடிவம் எல்லா இடத்திலும் அப்படியே இருந்ததைக் கண்டோம்.

ருக்மணி தேவி அருண்டேல் 1936இல் சென்னையில் தொடங்கிய கலாக்ஷேத்ராவை அறியாதவர் நம்மில் இல்லை. 2023 மார்ச் மாத இறுதியில் அங்கே மாணவியர் வகுப்பைப் புறக்கணித்து வளாகத்தில் அமர்ந்து போராடினார்கள். ஆசிரியர் ஒருவர் ஏப்ரல் தொடக்கத்தில் கைது செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. நாங்கள் கவனித்தது இதைத்தான்: அந்த நிறுவனத்தில் முறைப்பாடுகளை விசாரிக்க உள்ளகக் குழு ஒன்று முன்பே இருந்தது. குழு இருந்தும் பிள்ளைகள் வீதிக்கு வந்தார்கள் என்றால், அந்தக் குழுவில் அவர்களுக்கு நம்பிக்கை இருக்கவில்லை என்றுதானே பொருள்? அடுத்த ஆண்டு ஏப்ரலில், அங்கே முன்னர் கற்பித்த இன்னொருவர், பல வருடங்களுக்கு முன் படித்துச் சென்ற மாணவியரின் முறைப்பாட்டில் கைதானார். பழைய மாணவியர் என்ற சொல்லை அந்தச் செய்தியில் படித்தபோது எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. பள்ளியை விட்டுப் போன பிறகும் நம்மால் வாய் திறக்க முடியும் என்று காட்டியவர்கள் அவர்கள்.

அதற்கும் முன்னர், 2018 ஒக்டோபரில், கர்நாடக இசை உலகில் பல பெண்கள் தமக்கு நேர்ந்ததைப் பகிரங்கமாகச் சொல்லத் தொடங்கினார்கள். சென்னை மியூசிக் அகாடமி அந்த ஆண்டு டிசம்பர் விழாவிலிருந்து 7 கலைஞர்களை விலக்கியது. சபாக்கள் எல்லாம் அதுவரை 'கலை வேறு, ஆள் வேறு' என்று சொல்லி வந்தவைதான்.

இங்கிலாந்தில் இருக்கும் அக்காமாருக்கு மான்செஸ்டர் வழக்கு நினைவிருக்கும். அங்குள்ள புகழ்பெற்ற இசைப்பள்ளி ஒன்றில் 1970களின் இறுதியில் சிறுமியாகப் படித்த ஒரு வயலின் கலைஞர், முப்பது வருடங்களுக்கு மேல் கழித்து, பள்ளியின் அந்நாளைய இசைத்துறைத் தலைவருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2013 பெப்ரவரியில் அந்த மனிதர் குற்றவாளி என்று தீர்ப்பானது. தீர்ப்பைக் கேட்க அந்தப் பெண் உயிரோடு இல்லை. சாட்சியம் சொல்லிச் சில நாட்களில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பின்னர் அந்நாட்டின் பொது விசாரணை ஆணையம் இசைப்பள்ளிகளையும் ஆராய்ந்து 2022 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. தனியாக இருவர் மட்டும் இருக்கும் பாடவேளை, பிள்ளையின் எதிர்காலமே ஓர் ஆசிரியரின் கையில் இருப்பது, நிறுவனத்தின் பெயரைக் காப்பாற்றும் அவசரம். இவை மூன்றும் சேரும் இடத்தில் ஆபத்து என்பது அதிலிருந்து எங்களுக்கு விளங்கியது.

குண்டசாலை மாடி மண்டபத்தில் இவை மூன்றுமே இருந்தன.

இசையில் இந்த ஆபத்து ஏன் கூடுதல் என்று நாங்கள் பலமுறை பேசியிருக்கிறோம். கணக்கு டீச்சர் பிள்ளையைத் தொடத் தேவையில்லை. இசையில் வீணை மடியில் சரியாக அமரவும், வயலின் வில்லைப் பிடிக்கவும், நாபியிலிருந்து மூச்சு எடுக்கவும் கையைப் பிடித்துக் காட்டும் வழக்கம் இருக்கிறது. எது கற்பித்தல், எது அத்துமீறல் என்று பிள்ளைக்குப் பிரித்தறிய முடியாது. அடுத்தது குருபக்தி. விஜயதசமியன்று தட்சணை வைத்து விழுந்து கும்பிட்ட காலடியைப் பற்றி எப்படி முறைப்பாடு சொல்வது? இன்னொன்று மேடை ஆசை. யார் முன்வரிசையில் இருப்பது, யார் தனியாகப் பாடுவது என்பதை ஒருவர் மட்டும் தீர்மானித்தால், அவருக்கு அந்தப் பிள்ளை மீது அளவில்லாத அதிகாரம் வந்துவிடுகிறது.

எங்களுக்கு குருபக்தி வேண்டாம் என்று யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். இந்த மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் சங்கீத டீச்சரை இன்றும் காலில் விழுந்து வணங்கித்தான் மைக்கைப் பிடித்தோம். வணங்கத் தகுந்தவர்களுக்கு இந்த ஒழுங்குகள் எந்தக் குறையையும் செய்வதில்லை. சொல்லப்போனால் வீண்பழியிலிருந்து அவர்களைக் காப்பதும் இவைதான். "இப்படியெல்லாம் விதி போட்டால் டீச்சர்மார் மனம் நோகாதா?" என்று சிலர் கேட்டார்கள். நாங்கள் டீச்சரிடமே போய்க் கேட்டோம். "கதவைத் திறந்து வச்சுப் படிப்பிக்கச் சொன்னா எனக்கு என்ன நோவு? காத்து வரும்" என்றார்.

இனி, நாங்கள் இப்போது கடைப்பிடிக்கும் ஒழுங்குகள். இவை மண்டபச் சுவரில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்பட்டிருக்கின்றன. சேரும் நாளில் பெற்றோர் படித்துக் கையொப்பம் இடுகிறார்கள்.

ஒன்று. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் எப்போதும் வளர்ந்தவர்கள் இருவர் இருக்க வேண்டும். தனிப்பயிற்சி தேவையென்றால் கதவு திறந்திருக்கும், வெளியில் இன்னொருவர் அமர்ந்திருப்பார். உடைமாற்றும் அறைக்கும் இதுவே.

இரண்டு. கையைப் பிடித்துக் காட்டுவதற்கு முன் பிள்ளையிடம் கேட்க வேண்டும். முடிந்தவரை தன் கையில் காட்டிக் கற்பிக்க வேண்டும். மூச்சைக் கற்பிக்கப் பிள்ளையின் வயிற்றில் கை வைக்கத் தேவையில்லை, பிள்ளை தன் கையை வைத்துப் பார்த்தாலே போதும்.

மூன்று. அடி இல்லை, அவமானப்படுத்தல் இல்லை. தாளக்கட்டையால் விரல் முட்டியில் தட்டுவது அந்தக்காலப் பழக்கம் என்று சிரித்துக்கொண்டே சொல்வோம். வகுப்பில் ஆசிரியர் காதில் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், 2021 பெப்ரவரியில் எமது உயர் நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. இசை பழகும் இடத்தில் இதைவிடப் பெரிய பாடம் என்ன வேண்டும்? "உனக்கெல்லாம் சுருதி சேராது, எழும்பிப் போ" என்பதும் அடிதான்.

நான்கு. ஒத்திகை ஐந்தரைக்கு முடியும். யார் யாரை அழைத்துச் செல்கிறார் என்று கொப்பியில் பெயரும் நேரமும் பதிவாகும். குழுவைச் சேர்ந்த எவரும் பிறர் பிள்ளையைத் தனியாக வாகனத்தில் ஏற்றுவதில்லை. கடைசிப் பிள்ளை போகும்வரை இருவர் மண்டபத்தில் இருப்பார்கள்.

ஐந்து. பிள்ளைகளுக்குத் தனிச் செய்தி அனுப்புவதில்லை. எல்லா அறிவித்தலும் பெற்றோர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், இரவு எட்டு மணிக்கு முன். படம் எடுப்பதும் போடுவதும் பெற்றோரும் பிள்ளையும் சம்மதித்தால் மட்டும். பெயர், பாடசாலை, ஊர் மூன்றையும் படத்தோடு சேர்த்துப் போடுவதில்லை.

ஆறு. புதிதாகக் கற்பிக்கவோ வாசிக்கவோ வருபவர் எவராயினும் அடையாள அட்டையும் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழும் தர வேண்டும். காகிதம் மட்டும் போதாது என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். முன்பு கற்பித்த இரண்டு இடங்களுக்கு நாங்களே தொலைபேசியில் பேசுகிறோம். "அவரை மறுபடியும் பிள்ளைகளோடு விடுவீர்களா?" என்று நேராகக் கேட்கிறோம். அதேபோல் எங்களிடம் யாராவது கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்வோம். பொன்னாடை போர்த்தி அனுப்ப மாட்டோம்.

ஏழு. முன்வரிசையையும் தனிப்பாடலையும் மூவர் சேர்ந்து தீர்மானிப்பார்கள்.

எட்டு. மனக்குறை எதுவானாலும் சொல்ல இருவர் இருக்கிறார்கள். ஒருவர் எங்கள் குழுவில், மற்றவர் குழுவிலும் சங்கச் செயற்குழுவிலும் இல்லாத வெளியார். கலாக்ஷேத்ராப் பிள்ளைகளிடம் நாங்கள் படித்த பாடம் இது.

ஒன்பதாவது ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

அதற்கு முன் வளர்ந்தவர்களைப் பற்றி. நமது நாட்டில் ஒக்டோபர் முதலாம் திகதியைச் சிறுவர் தினமாகவும் முதியோர் தினமாகவும் ஒன்றாகக் கொண்டாடுகிறோம். இரண்டையும் ஒரே நாளில் வைத்தது நல்லதாகப் போயிற்று. பாதுகாப்பு என்றால் சிறுவருக்கு மட்டும் என்றுதான் நாங்களும் முதலில் நினைத்தோம்.

எங்களோடு பாடும் மூத்த அக்கா ஒருவருக்கு மறதி வரத் தொடங்கியிருந்தது. ஐம்பது வருடத்துக்கு முன் படித்த கீர்த்தனை அப்படியே வரும், காலையில் சாப்பிட்டது நினைவில் இராது. கோயில் கச்சேரிச் செலவுக்குப் பணம் சேர்த்த மாதம், அவர் மூன்று முறை கொடுத்திருக்கிறார். வாங்கியவர் ஏமாற்றவில்லை, அக்கா அன்பாகத் தருகிறார் என்று வாங்கிவிட்டார். மகள் வங்கிப் புத்தகத்தைப் பார்த்துக் கேட்டபோது எங்களுக்கு வெட்கமாகப் போனது. இப்போது எவரிடமும் தனியாகப் பணம் வாங்குவதில்லை. பொருளாளரிடம் மட்டும், பற்றுச்சீட்டோடு. கடன் கேட்பதும் நகை இரவல் கேட்பதும் அறவே இல்லை.

இன்னோர் உறுப்பினரின் தம்பிக்கு முப்பது வயது கடந்துவிட்டது, மனவளர்ச்சி குறைவு. தாளம் பிசகாமல் ஜால்ரா தட்டுவார். ஒரு நாள் அவர் ஆடியதை யாரோ படமெடுத்துப் பகிர்ந்து, எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அடுத்த வாரம் வரவில்லை. "என்னப் பாத்துத்தான் சிரிச்சாங்க" என்று அக்காவிடம் சொன்னாராம். அவரைக் குழந்தை என்றே நினைத்து நடத்தியிருக்கிறோம். இப்போது படம் எடுக்க வேண்டுமா, எங்கே அமர வேண்டும், யார் கூட்டிப்போக வேண்டும் என்று அவரிடமே கேட்கிறோம். அக்காவிடம் கேட்பது அதற்குப் பிறகுதான். அவர் திரும்பி வந்துவிட்டார். இன்று மாலை நீங்கள் அவருடைய தாளத்தைக் கேட்கலாம்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், முதியோரின் உரிமைகளுக்கு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் நம் நாட்டில் இருக்கின்றன. தயவு காட்டுகிறோம் என்று நினைத்துச் செய்பவற்றில் பலவும் அவர்களுக்குச் சேர வேண்டிய உரிமை.

ஒரு பிள்ளை வந்து ஏதாவது சொன்னால் என்ன செய்வது? இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறோம். எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கையில் உள்ள வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். "சும்மா சொல்லாதே", "அவர் அப்படிப்பட்டவர் இல்லையே" என்ற சொற்கள் வாயில் வரவே கூடாது. துருவித் துருவிக் கேட்க வேண்டாம், விசாரிப்பது அதற்கென்று உள்ளவர்களின் வேலை. யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டாம், அதைக் காப்பாற்ற முடியாது. உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று சொல்லுங்கள். நீ சொன்னது நல்லது, உன்மேல் பிழை இல்லை என்று சொல்லுங்கள். அன்றைக்கே, பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதித் திகதியிட்டு வையுங்கள். சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு நியாயம் கேட்கவோ, இரு வீட்டாரையும் வைத்துச் சமாதானம் பேசவோ போக வேண்டாம். நாங்கள் அதைத்தான் செய்தோம், பலனையும் கண்டோம்.

பிறகு தொலைபேசியை எடுங்கள். 1929 என்பது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அந்த அதிகாரசபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. பெண்களுக்கு 1938, உடனடி ஆபத்தென்றால் பொலிஸ் 119. பொலிஸில் சிறுவர், மகளிர் பணியகம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு 5 வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சிறுவர் மீதான துஷ்பிரயோகத்துக்குத் தண்டனை இன்னும் கடுமை. முறைப்பாடு செய்பவரையும் சாட்சி சொல்பவரையும் பாதுகாக்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொலிஸுக்குப் போனால் மானம் போகும் என்று நம் தாய்மார் பயந்த காலம் வேறு. பயம் இன்றும் போகவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆகையால்தான், போகும் தாயைத் தனியாகப் போகவிடாமல் எங்களில் இருவர் கூடவே போக வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறோம்.

வெளிநாடுகளில் இருக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். லண்டனில் தமிழ்ப் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போனால் டி.பி.எஸ். சோதனை கேட்கிறார்கள். கனடாவில் பொலிஸ் சோதனையும், அவுஸ்திரேலியாவில் சிறுவரோடு வேலை செய்வதற்கான அனுமதியும் கேட்கிறார்கள். நீங்கள் முகஞ்சுளிக்காமல் கொடுக்கிறீர்கள். ஊருக்கு வரும்போது மட்டும் 'இங்கே எல்லோரும் தெரிந்தவர்கள்தானே' என்று விட்டுவிடுகிறீர்கள். தெரிந்தவர்களிடம்தான் எங்கள் பிள்ளையும் பறிபோனாள். விழாவுக்கும் வாத்தியத்துக்கும் நீங்கள் மனமுவந்து பணம் அனுப்புகிறீர்கள், அதற்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். அனுப்பும்போது ஒரு கேள்வியும் சேர்த்து அனுப்புங்கள்: "பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன ஒழுங்கு வைத்திருக்கிறீர்கள்?" அந்தக் கேள்வி புதிய மிருதங்கத்தைவிடப் பெறுமதியானது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சபையில் இருப்பவர்களிலும், இந்த மலரை எங்கோ இருந்து வாசிப்பவர்களிலும், தன் சிறுவயதில் ஏதோ ஒன்று நேர்ந்து அதை யாரிடமும் சொல்லாமல் சுமப்பவர்கள் இருக்கக்கூடும். எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சொல்லலாம். சொல்லாமலே இருப்பதும் உங்கள் விருப்பம். சொல்ல வந்தால், இந்த முறை நாங்கள் கேட்போம்.

இப்போது ஒன்பதாவது ஒழுங்கு. சுவரில் ஒட்டும் முன் எட்டு ஒழுங்குகளையும் அந்தப் பெண்ணுக்கு அனுப்பினோம். அவள் இன்று வேலைக்குப் போகிறாள், நன்றாக இருக்கிறாள். பாடுவதில்லை. ஒரு வாரம் பதில் இல்லை. எங்களை அவள் மன்னிக்கவில்லை என்றே நினைத்தோம், மன்னிக்க வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை. பிறகு ஒரு நாள் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பியிருந்தாள். அடியில் தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தாள்.

"பிள்ளை ஒருவரோடு போக மாட்டேன் என்று சொன்னால், காரணம் கேட்காமல் வேறு வழி பார்த்துக் கொடுக்க வேண்டும்."

அதுவே எங்கள் ஒன்பதாவது ஒழுங்கு. அவள் எழுதியதில் ஒரு சொல்லும் மாற்றவில்லை. சனிக்கிழமை தோறும் சுருதிப்பெட்டியைத் திறக்கும் முன், பிள்ளைகளில் ஒருவர் அதை உரக்க வாசிக்கிறார்.

நூறு வருடமாக நம் சங்கம் பல நல்ல காரியங்களைச் செய்திருக்கிறது. அடுத்த நூறு வருடத்தின் முதல் தீர்மானமாக, சங்கத்தின் கீழ் இயங்கும் எல்லாக் குழுக்களும், வலைப்பந்து, நாடகம், நடனம் உட்பட, இப்படியோர் ஒழுங்கை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று இன்றைய பொதுக்கூட்டத்தில் முன்மொழிகிறோம். கை உயர்த்தி ஆதரவு தாருங்கள்.

மாலை ஐந்து மணிக்கு எங்கள் பிள்ளைகள் பாடுகிறார்கள், இருந்து கேட்டுவிட்டுப் போங்கள். நிகழ்ச்சி ஆறு மணிக்கு முடியும். பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் வாசலில் உள்ள கொப்பியில் பெயர் எழுத மறக்க வேண்டாம்.